பெருந்தொற்றுக் காலத்துப் பல்கலைக்கழகம்: திரையேறியதும் விடுபட்டதும்

2019 ஜூனில் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளங்கலை சேர்ந்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டர் முழுதாக நடந்தது. தேர்வையும் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். இரண்டாவது செமஸ்டரின் நடுவே, 2020 மார்ச் 17 அன்று, கல்லூரி மூடப்பட்டது. மாதக் கடைசிவரைதான் விடுமுறை என்று நம்பி, விடுதி அறையில் பெட்டியையும் நோட்டுகளையும் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் ஏராளம். அந்த செமஸ்டர் தேர்வு நடக்கவே இல்லை. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு ரத்து என்று ஜூலையில் அரசு அறிவித்தது. மூன்றாவது செமஸ்டர் கைப்பேசியில் கழிந்தது. நான்காவதில், 2021 பிப்ரவரி 8 அன்று கதவு திறந்தது. மார்ச்சிலேயே மறுபடி மூடிக்கொண்டது. ஐந்தாவதில் செப்டம்பர் முதல் நேரில் வகுப்பு நடந்தது. ஆனால் ஒமைக்ரான் அலை வந்துவிட, அந்தத் தேர்வும் 2022 பிப்ரவரியில் வீட்டிலிருந்தே நடந்தது. ஆறாவது செமஸ்டருக்குத்தான் அவர் மீண்டும் தேர்வுக்கூடத்துக்குள் வந்தார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதுதான் கணக்கு: முதல் தேர்வும் கடைசித் தேர்வும் கண்காணிப்பாளர் முன்னிலையில், நடுவில் இருந்த நான்கில் ஒன்று நடக்கவில்லை, மூன்று இணையவழியில்.

வேலைக்குப் போனபோது, “கொரோனா பேட்ச்தானே?” என்ற ஒரே கேள்வியில் இவர்களை ஒதுக்கியவர்கள் உண்டு. அது அநியாயம். பாடத்தை எப்படி நடத்துவது, தேர்வில் எதைக் கேட்பது, ஆய்வகத்துக்கு என்ன மாற்று என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் மாணவர்கள் இல்லை. முடிவு செய்தவை பல்கலைக்கழகங்களும் அவற்றின் மேலிருந்த ஆணையங்களும்தாம். அந்த முடிவுகளைத் திரும்பிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய நம்பிக்கை தெரிகிறது: ஆசிரியர் பேசுவதே கல்வி. அதனால் பேச்சை மட்டும் அவசரமாகத் திரைக்கு ஏற்றினோம். ஆய்வகம், நூலகம், உரையாடல், மதிப்பீடு எல்லாம் அப்படியே கிடந்தன. நெருக்கடியில் இந்தத் தவறு நடந்ததை ஓரளவு புரிந்துகொள்ளலாம். அந்த இரண்டாண்டில் உண்மையிலேயே பயன் தந்தவற்றைக் கல்லூரி திறந்ததும் நாமே கைகழுவியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வகுப்பு. 2020 ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான கல்லூரிகள் செய்தது ஒன்றுதான்: சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையை அப்படியே கூகுள் மீட்டுக்கோ ஜூமுக்கோ மாற்றியது. முதல் மணி, இரண்டாம் மணி, இடைவேளை, மூன்றாம் மணி. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பங்கேற்றவர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் துறைத்தலைவருக்கு அனுப்பவேண்டும். அவர் அதை முதல்வருக்கு அனுப்புவார். வகுப்பு நடந்தது என்பதற்கு அதுவே சான்று. கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் அறுபது பேரின் முன்னெழுத்துகளைப் பார்த்துக்கொண்டு ஐம்பது நிமிடம் பேசிய ஆசிரியருக்கு, கேட்பவர் எத்தனை பேர் என்று தெரிய வழியே இல்லை. “புரியுதா?” என்று கேட்டால் அரட்டைப் பெட்டியில் மூன்று பேர் “எஸ் சார்” என்று போடுவார்கள். பல நாள் அதே மூன்று பேர்.

மாணவர் பக்கம் நிலைமை வேறு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில்; இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். இடைப்பட்ட ஆண்டுகளில் கைப்பேசி பெருகிவிட்டது, உண்மைதான். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியும் பல வீடுகளில் இருந்தது. ஆனால் அதற்கு இணையம் கைப்பேசியிலிருந்துதான் வரவேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவுடன் காலையில் வேலைக்குப் போய்விடும். அல்லது பள்ளியில் படிக்கும் தம்பிக்கும் அதே பத்து மணிக்கு வகுப்பு இருக்கும். என் வகுப்பு மாணவி ஒருவர் எல்லா ஒப்படைப்புகளையும் இரவு ஒன்பதரைக்குமேல்தான் அனுப்புவார். அப்பா கட்டட வேலை முடிந்து, பேருந்து இல்லாத நாள்களில் சைக்கிளில் வீடு வந்து, போனைச் சார்ஜில் போட்ட பிறகுதான் அது அவர் கைக்கு வரும். வருகைப் பதிவேட்டில் அவர் பெரும்பாலும் ஆப்சென்ட். வகுப்பில் மிக ஒழுங்காகப் படித்தவர்களில் அவரும் ஒருவர்.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2019-20 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 51.4 விழுக்காடு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஏராளமாக இருக்கும் மாநிலம் இது. அந்தப் பெருமையின் மறுபக்கத்தை அரசும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே பார்த்திருக்கவேண்டும். கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு இலவசம் என்ற நல்ல திட்டம் 2021 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது; ஏப்ரல்வரை அது நடந்தது. கல்லூரி மூடிப் பத்து மாதம் ஆன பிறகு வந்த உதவி. இலங்கையில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு முன்பே இருந்தது. ஜூம் வசதியை அதன் வழியே கொடுத்து, தொலைபேசி நிறுவனங்களோடு பேசி, பல்கலைக்கழகத் தளங்களுக்குத் தரவுக் கட்டணம் இல்லாமல் 2020லேயே செய்துவிட்டார்கள். மாணவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் இணையவழிக் கல்வியை எட்ட முடிந்ததாக ஆசிய வளர்ச்சி வங்கி அவ்வாண்டு நடத்திய கருத்தாய்வு சொன்னது. பொதுவான கட்டமைப்பு ஒன்றை நெருக்கடிக்கு முன்பே கட்டி வைத்திருந்தார்கள், அது கைகொடுத்தது. அங்கேயும் குறைகள் இருந்தன. ஆனால் தரவுச் செலவு மாணவர் தலையில் விழக்கூடாது என்பதை முதலிலேயே தீர்மானித்த அந்த வரிசைமுறை சரியானது.

வகுப்பில் எது பலன் தந்தது என்று கேட்டால், நேரலை இல்லை என்பதே என் பதில். பதிவு செய்து அனுப்பியவைதான் பலன் தந்தன. தமிழ்த்துறையில் ஒரு நண்பர் நன்னூல் எழுத்ததிகாரத்தைப் பத்துப் பத்து நிமிடக் குரல்பதிவுகளாக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு நூற்பா, அதைப் பிரித்துப் படிப்பது, ஓர் எடுத்துக்காட்டு, கடைசியில் ஒரு கேள்வி. அவ்வளவுதான். தரவு அதிகம் தின்னாது. 2ஜி சிக்னலிலும் இறங்கும். ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்று வேலை பார்த்த மாணவர், இரவில் அதைக் கேட்டார். புரியாத இடத்தை மறுபடி கேட்டார். இன்னொன்றும் நடந்தது. வகுப்பறையில் வாயே திறக்காத பெண்கள் தனிச்செய்தியில் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம் அங்கே இல்லை. குற்றியலுகரம் எங்கே முற்றியலுகரமாகும் என்று ஒரு மாணவி இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய குரல்பதிவுக்கு நண்பர் மறுநாள் ஒரு பதிவையே பதிலாகப் போட்டார். முப்பதாண்டு வகுப்பறை அனுபவத்தில் அந்தக் கேள்வி தனக்கு வந்ததில்லை என்றார் அவர். எளிய கருவி, குறைந்த தரவு, மாணவர் தமக்கு ஏற்ற நேரத்தில் கேட்கும் வசதி: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் கல்வி நடந்தது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் இதைக் குறிக்க ஒரு கட்டமும் இல்லை.

அறிவியல் துறைகளுக்கு இந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. வேதியியல் மாணவர் செய்யும் டைட்ரேஷனை நினைத்துப் பாருங்கள். பியூரெட்டின் குழாயை இடது கையால் மெல்லத் திருகி, வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, ஃபீனால்ஃப்தலீனின் நிறம் மாறும் அந்த ஒரு துளிக்காகக் காத்திருக்கவேண்டும். முதல் முறை எல்லோருக்கும் அளவு தாண்டிப்போகும். கரைசல் அடர் இளஞ்சிவப்பாகிவிடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். அந்தத் தாண்டிப்போதலில்தான் கை பழகுகிறது. யூடியூபில் யாரோ செய்வதைப் பார்த்தவருக்கு நிறம் மாறுவது தெரியும். கைக்கு எதுவும் தெரியாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் மெய்நிகர் ஆய்வகத் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பொறியியல் மாணவருக்கு மின்சுற்றைப் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகள் அதைக்கூடப் பயன்படுத்தவில்லை. அளவீடுகளை ஆசிரியர் அனுப்ப, மாணவர் ரெக்கார்டு நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்ப, செய்முறைத் தேர்வு முடிந்தது. கல்லூரி திறந்ததும் ஒரு மாதமாவது விடுபட்ட செய்முறைகளுக்கு ஒதுக்கியிருக்கவேண்டும். அப்படிச் செய்த துறைகள் சில உண்டு. மற்ற இடங்களில் பியூரெட்டைப் பிடிக்காமலே வேதியியல் பட்டதாரிகள் வெளியேறினார்கள்.

அடுத்தது தேர்வு. பல்கலைக்கழகங்கள் மிகவும் தடுமாறியது இங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலை 6 அன்று இறுதியாண்டுத் தேர்வு கட்டாயம் என்றது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28 அன்று அதை உறுதிசெய்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்கு இறுதி செமஸ்டர் தவிர மற்றவற்றில் தேர்ச்சி என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மாணவர்கள் சுவரொட்டி ஒட்டி நன்றி சொன்னார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பல ஆண்டாக அரியர் சுமையோடு தவித்த பிள்ளைகள் முதலில் மகிழ்ந்து, பிறகு மாதக்கணக்கில் இரண்டுங்கெட்டானாக நின்றார்கள். கல்வி சார்ந்த ஒரு முடிவைக் கல்விக்குழுவில் பேசாமல் மேடையில் அறிவித்தால் இதுதான் நடக்கும்.

பிறகு வந்தது வீட்டிலிருந்து எழுதும் தேர்வு. காலையில் கேள்வித்தாள் இணையதளத்தில் வரும். ஏ4 தாளில் கையால் எழுதவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு எண், பக்க எண், கையெழுத்து. முடித்ததும் எல்லாத் தாள்களையும் கைப்பேசியில் படம் பிடித்து ஒரே பிடிஎஃப் ஆக்கி, குறித்த அளவுக்குள் சுருக்கி, குறித்த நேரத்துக்குள் ஏற்றவேண்டும். மாணவர்கள் அதுவரை நம்பியிருந்த கேம்ஸ்கேனர் செயலி 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்று. கைபழகிய செயலி போய், கடைசி நேரத்தில் புதிது தேடினார்கள். தளம் முடங்கினால் மின்னஞ்சல். அதுவும் போகாவிட்டால் விரைவு அஞ்சல். இல்லையென்றால் கல்லூரிக்கே போய்க் கையில் கொடுப்பது. கூட்டம் சேரக்கூடாது என்று நடத்திய தேர்வுக்கு, அஞ்சலகங்களிலும் கல்லூரி வாசல்களிலும் கூட்டம் சேர்ந்தது.

அண்ணா பல்கலைக்கழகம் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 2020 நவம்பர், டிசம்பருக்குரிய தேர்வை 2021 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவு கண்காணிக்கும் இணையவழித் தேர்வாக நடத்தியது. ஒரு மணி நேரம், கொள்குறி வினாக்கள். மாணவரின் தலை திரும்புகிறதா, அறையில் வேறு குரல் கேட்கிறதா என்று மென்பொருள் பார்த்துக்கொண்டே இருக்கும். முடிவு வந்தபோது பெருந்தொகையானோர் தோல்வி; பலருடைய முடிவு முறைகேட்டு ஐயத்தால் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஒற்றை அறை வீட்டில் தேர்வு எழுதுபவரின் பின்னால் பாட்டி இருமுவார், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவார். தனி அறையும் தடையற்ற மின்சாரமும் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதிய மென்பொருளுக்கு அவையெல்லாம் ஐயப்பாடு. 2021 மே மாதம் புதிதாகப் பொறுப்பேற்ற உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி, கட்டணமின்றி மறுதேர்வு நடக்கும் என்றும் அது பழைய மூன்று மணி நேர முறையில் இருக்கும் என்றும் அறிவித்தார். மாணவரை நம்பாமல் எந்திரத்தை நம்பிய சோதனை அந்த அளவில் முடிந்தது.

இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான பிழை வினாத்தாளில் இருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள், வாட்ஸ்அப்பில் விடை பகிர்ந்தார்கள் என்று நாம் இன்றும் குறைசொல்கிறோம். “பணவீக்கம், வரையறு” என்று கேட்டால் யாராக இருந்தாலும் பார்த்துத்தான் எழுதுவார். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று முந்தைய ஆண்டு வினாத்தாளிலிருந்து பொறுக்கி எடுத்த அதே வரிகளை வீட்டுக்கு அனுப்பினோம். அந்தக் காலத்திலேயே பொருளியல் மாணவருக்கு வேறு கேள்வி கேட்டிருக்கலாம். 2020 மேயில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாறியது. தோட்டத்தில் காய் விலைபோகாமல் கிடக்க, நகரத்தில் விலை ஏறியது எப்படி? உங்கள் ஊர்ச் சந்தையில் அந்த வாரங்களில் நீங்கள் கண்ட விலைகளைக் கொண்டு விளக்குக. இதற்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், நண்பரிடம் பேசலாம், இணையத்தில் தேடலாம். ஆனால் விடையைத் தானே யோசித்து எழுதியாகவேண்டும். ஓர் ஊர்ச் சந்தை இன்னோர் ஊர்ச் சந்தை ஆகாது. புத்தகம் திறந்த தேர்வு என்ற அருமையான முறை, தயாரிப்பில்லாமல் நம் கைக்கு வந்து, பெயர் கெட்டுப் போனது. 2021 நவம்பரில் மதுரையிலும் வேறு ஊர்களிலும் மாணவர்கள் ஆன்லைன் தேர்வு கேட்டுப் போராடியபோது எல்லோரும் அவர்களைத் திட்டினார்கள். ஆன்லைனில் பாடம், நேரில் தேர்வா என்று அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது.

சரியான ஒப்பீட்டுக்குச் சென்னை ஐஐடியைப் பார்க்கலாம். புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் இளங்கலைப் படிப்பை 2020 ஜூன் 30 அன்று இணையவழியில் தொடங்கினார்கள். பாடம் பதிவில், வாராவாரம் பயிற்சி, தேர்வு மட்டும் மையங்களுக்கு நேரில் வந்து எழுதவேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. எது திரைக்கு ஏற்றது, எது ஏற்றதல்ல என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள். 2003 முதல் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் வழியாகப் பாடங்களைப் பதிவு செய்து பெற்ற பட்டறிவு அதற்குப் பின்னால் இருந்தது. அவர்களிடம் இருந்த ஆளும் பணமும் ஒரு மாவட்ட அரசுக் கல்லூரியிடம் இல்லை. ஆகவே அதை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அடிப்பது முறையில்லை. பிரித்துப் பார்க்கும் அந்தச் சிந்தனைக்கு மட்டும் பணம் தேவையில்லை.

ஆய்வுலகத்தின் கதை இன்னும் சிக்கலானது. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலக்கெடுவைப் பல்கலைக்கழக மானியக் குழு ஆறாறு மாதமாகப் பலமுறை நீட்டித்தது. நல்லது. ஆனால் அதே சுற்றறிக்கை, உதவித்தொகைக் காலம் ஐந்தாண்டுதான், அதில் மாற்றமில்லை என்றும் சொன்னது. காலம் கொடுத்தார்கள், சோறு கொடுக்கவில்லை. ஆய்வகம் பூட்டியிருந்ததால் செல் வளர்ப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டிய உயிரியல் ஆய்வாளர், நீட்டித்த மாதங்களில் எதைக் கொண்டு வாழ்வார் என்று யாரும் கேட்கவில்லை. நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வு செய்தவர் நிலை அதைவிட மோசம். மதுரைச் சித்திரைத் திருவிழா 2020லும் 2021லும் மக்கள் கூட்டத்தோடு நடக்கவில்லை. ஊர்க்கொடைகள், கூத்துகள் நின்றன. களமே இல்லாத இரண்டாண்டுகள் அவை. அந்த இரண்டாண்டில் மறைந்துபோன முதிய கலைஞர்களின் குரலை இனி எந்தக் கால நீட்டிப்பாலும் பதிவுசெய்ய முடியாது.

இதற்கு நேர்மாறாக, ஏட்டையும் அச்சையும் நம்பிய தமிழாய்வு நிற்கவில்லை. நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது, 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்துவந்த மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளமும் ஆய்வாளர்களைக் காப்பாற்றின. இவற்றில் முதலும் கடைசியும் பல்கலைக்கழகங்கள் கட்டியவை இல்லை. பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள் கட்டியவை. அவர்கள் உழைப்புக்குப் பல்கலைக்கழகங்கள் இன்றுவரை முறையாக நன்றிக்கடன் செலுத்தவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

மருத்துவ ஆய்வில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு; அது போதிய அளவு பேசப்படவில்லை. 2020 செப்டம்பர் 30 அன்று ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட ஓர் ஆய்வு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்று உறுதியான 84,965 பேரையும் அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் பின்தொடர்ந்தது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர், தொடர்பறியப்பட்ட எவருக்கும் நோயைப் பரப்பவில்லை. 8 விழுக்காட்டினரே கண்டறிந்த புதிய தொற்றுகளில் 60 விழுக்காட்டுக்குக் காரணம் என்று அது காட்டியது. வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதாரப் பணியாளர்களின் குறிப்பேடுகளில் இருந்து பிறந்த அறிவு அது. முதன்மை ஆசிரியர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ரமணன் லட்சுமிநாராயண். மாநில அதிகாரிகளும் ஆசிரியர்களாக இருந்தார்கள். படிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. கூடவே ஒரு வருத்தமும் வந்தது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் துறைகள் இருக்கின்றன, முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் அவர்கள் பாடநூல் எடுத்துக்காட்டுகளை வீட்டிலிருந்து நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் நீக்கிய தரவை அவர்கள் கையில் கொடுத்து, வரலாற்றிலேயே பெரிய களப்பாடத்தை நடத்தியிருக்கலாம்.

வேகம் எல்லா நேரமும் நன்மை செய்யவில்லை. கொரோனாவுக்கு மருந்தாகப் பேசப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி ‘லான்செட்’ 2020 மே 22 அன்று வெளியிட்ட கட்டுரை, சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் சரிபார்க்க முடியாத தரவை நம்பியதால் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. இரண்டே வாரம். அதற்குள் மருத்துவச் சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டன. அதே கோடையில் எல்சேவியர் இதழ்களுக்கு வந்த கட்டுரைகள் கூடின. ஆனால் பெண் ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை அந்த அளவு கூடவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. வீட்டிலிருந்து வேலை என்றால் யாருக்கு வேலை இரட்டிப்பானது என்பதற்கு நம் வீடுகளில் விளக்கம் தேவைப்படாது. பதவி உயர்வுக் குழுக்கள் அந்த இரண்டாண்டு வெளியீட்டுக் கணக்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தராசில் வைப்பது தவறு.

வெபினார்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 மே, ஜூனில் நாளொன்றுக்கு எத்தனை அழைப்பிதழ்கள்! கூகுள் படிவத்தில் இருபது கேள்விகளுக்கு விடை சொன்னால் மின்சான்றிதழ். உரையைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் கணக்குக் காட்டக் கல்லூரிகள் நடத்தின. பதவி உயர்வுப் புள்ளிக்காக ஆசிரியர்கள் சேர்த்தார்கள். இந்தப் பழக்கம் கற்றலுக்கு எதையும் தரவில்லை. சான்றிதழ் என்ற தாளின் மதிப்பையும் குறைத்துவிட்டது. இதே கருவியில்தான் இன்னொன்றும் நடந்தது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியரும் கோலாலம்பூர் ஆய்வாளரும் சிங்கப்பூர் ஆசிரியரும் ஒரே மாலையில் தமிழ் இலக்கணம் பற்றி விவாதித்ததை, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த முதுகலை மாணவர் கேட்டார். முன்பு அதற்குப் பயணப்படியும் விசாவும் கருத்தரங்க மலரும் வேண்டியிருந்தன.

முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு இணையத்துக்கு வந்ததைத்தான் இந்தக் காலத்தின் சிறந்த மாற்றமாகக் கருதுகிறேன். முன்பு புறத்தேர்வாளருக்குக் கார், அறை, சாப்பாடு, சால்வை எல்லாம் ஆய்வு மாணவரின் செலவில் நடப்பது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. பார்வையாளர் என்றால் துறை ஆசிரியர்களும் நான்கு நண்பர்களும்தான். இணையத்தில் நடந்தபோது அந்தச் செலவு நின்றது. அதே துறையில் ஆய்வு செய்யும் வெளியூர் மாணவர்கள் உள்ளே வந்து கேள்வி கேட்டார்கள். ‘பொது’ என்று பெயரளவில் இருந்த தேர்வு சில மாதங்கள் மெய்யாகவே பொதுவில் நடந்தது. கல்லூரி திறந்ததும் பல இடங்களில் பழையபடி காரும் சால்வையும் திரும்பிவிட்டன.

அதேபோல் குரல்பதிவுகள் நின்றன. பதிவு செய்த பாடங்கள் கூகுள் டிரைவில் கடவுச்சொல்லோடு உறங்குகின்றன. வினாத்தாள் மறுபடி வரையறு, விளக்குக என்றே வருகிறது. அரசுகள் மட்டும் ஒன்றை மறக்கவில்லை. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடுவரை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. மாணவருக்குக் கூடுதல் தேர்வாக இருந்தால் வரவேற்கலாம். நிரப்பாத ஆசிரியர் பணியிடங்களுக்கு மாற்றாக அது வந்துவிடக்கூடாது. கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகளை ஓட்டும் நிலையில் இந்த அச்சம் கற்பனையில்லை. ஊரடங்குக் காலத்தில் பாதிச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திய சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே பாடத்திட்டக் குழுவிலும் கல்விக்குழுவிலும் உறுப்பினராக இருக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்மொழியுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு பகுதியைப் புத்தகம் திறந்து எழுதும் கேள்விகளுக்கு ஒதுக்குவது ஒன்று. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒவ்வொன்றையும் இணையத்திலும் திறந்து வைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். 2020லேயே நாம் செய்து பார்த்தவைதாம்.